பெரிய டயரும் போடிமெட்டு இறக்கமும்

ஏலக்காய் மூட்டை நிறுக்கும் தராசில் ஜீப்பின் சக்கரத்தை ஏற்றி நிறுத்துப் பார்த்தேன். பரணில் கிடந்த பழைய சக்கரம், டயர், டியூப், இரும்பு ரிம் எல்லாம் சேர்த்து 24 கிலோ. வண்டியில் மாட்டியிருந்த பெரிய சக்கரம் 36 கிலோ. ஒன்றுக்கு 12 கிலோ கூடுதல், நான்குக்கும் 48. ஒரு மூட்டை காயின் எடைதான். ஆனால் மூட்டை பின்னால் அசையாமல் கிடக்கும். இந்த 48 கிலோவோ வண்டி போகும் வரை சுழன்றுகொண்டே இருக்கும், நிறுத்தும்போது அந்தச் சுழற்சியையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். இரண்டு வருடம் அந்த டயர்களில் ஓட்டிய பிறகுதான் இதை நிறுத்துப் பார்க்கத் தோன்றியது. மாட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு போடிநாயக்கனூரில், தோட்டம் பூப்பாறைக்கு அப்பால். தாத்தா காலத்தில் வாங்கிய நாலு ஏக்கர் ஏலம். வீடு தமிழ்நாட்டில், பிழைப்பு கேரளத்தில் என்று வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் நாங்களும் ஒன்று. விடிவதற்கு முன்பே போடி, சிலமலை, தேவாரம் பக்கத்திலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் சாக்குமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். முந்தல் தாண்டினால் ஏற்றம், 17 கொண்டை ஊசி வளைவுகள், போடிமெட்டில் பனி, அதன் பிறகு இடுக்கி மாவட்டம். மாலையில் அதே வழியில் இறக்கம். கொச்சியிலிருந்து தொண்டி போகும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டுதான் இது. எங்களுக்கோ அது வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கும் படிக்கட்டு.

என்னுடையது மகிந்திரா எம்.எம்.540. அப்பா பழையதாக வாங்கியது. 2018 ஆகஸ்ட் மழையில் இடுக்கி பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோட்டப் பாதையில் மண் முழுக்க அரித்துப்போய் கல்லும் வேருமாக நின்றது. மழைக்காலத்தில் டயருக்குச் சங்கிலி கட்டி ஏறுவது எங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் அந்த வருடம் சங்கிலியும் பயன்படவில்லை. அச்சு கல்லில் இடித்து இரண்டு முறை வண்டி நடுப்பாதையிலேயே உட்கார்ந்துவிட்டது. மறு வருடம் வண்டியை உயர்த்தினேன். வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கில் பட்டை ஒன்று கூடுதல், ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் நீளமானது, மொத்தம் 4 அங்குலம். அதோடு 31 அங்குல டயர், அகலமான 15 அங்குல ரிம்.

ஏற்றத்தில் அது அருமையாகப் போயிற்று, அதை மறுக்க மாட்டேன். முன்பு முக்கி முனகி ஏறிய இடத்தில் நிற்காமல் போனது. கல்லில் இடிக்கவில்லை. தோட்டத்துக்கு வந்துபோகும் இளைஞர்கள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்கள். எல்லோரும் கேட்டது டயர் என்ன விலை, எத்தனை அங்குலம், எங்கே மாட்டியது என்பதைத்தான். பிரேக் என்ன செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான்கு சக்கரத்திலும் கம்பெனி போட்டு அனுப்பிய டிரம் பிரேக், மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டர் கிடையாது, அப்படியே இருந்தது. டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புச் சட்டி, அதன் உள்சுவரை ஷூ என்ற வளைந்த தகடுகள் அழுத்தி நிறுத்தும்.

2021 ஐப்பசி. புத்தடி ஏல விற்பனை மையத்துக்குப் போகாமல் போடி மையத்துக்கே காயைக் கொண்டுபோகலாம் என்று மூன்று மூட்டை உலர்ந்த காய் ஏற்றியிருந்தேன். பின்னால் எங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்காமார் நான்கு பேர். மதியம் மழை பெய்து விட்டிருந்தது. போடிமெட்டிலிருந்து இரண்டாம் கியரில்தான் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைத் தொட வேண்டியிருந்தது. பாதி வளைவுகள் கழிந்ததும் ஒரு வாடை. முடி பொசுங்குவது போலவும் ரப்பர் கருகுவது போலவும். முன்னால் போகும் லாரியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தேன், மிதி வழக்கத்தைவிடக் கீழே போனது. அதற்கடுத்ததில் இன்னும் கீழே. இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு மிதித்தால்தான் பிடித்தது. கீழிருந்து ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது.

மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி. இடம் போதாவிட்டால் இறங்குகிறவர் நிறுத்திக் காத்திருக்க வேண்டும், விதியே அதுதான். எனக்கு நிறுத்த முடியவில்லை. முதல் கியருக்குத் தள்ளினேன், எஞ்சின் அலறியது, கைப்பிரேக்கை இழுத்து மலைப் பக்கத்து ஓடைக்குள் இடது சக்கரங்களை இறக்கிவிட்டேன். வண்டி சாய்ந்து மண் மேட்டில் உரசி நின்றது. பஸ் போய்விட்டது. யாருக்கும் காயம் இல்லை. அக்காமார் இறங்கி ஓரமாக நின்றார்கள். ஒருவர் மட்டும், அம்மா வயது அவருக்கு, தூக்குவாளித் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு புகை வந்த சக்கரத்தை நோக்கிப் போனார். "அக்கா, ஊற்றிவிடாதீர்கள்" என்று கத்தினேன். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பு டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், அந்த ஒன்று மட்டும் எனக்கு அப்போது தெரிந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, அவர்களை வேறொரு ஜீப்பில் ஏற்றிவிட்டு, நடையை விட மெல்ல முதல் கியரிலேயே முந்தல் வந்து சேர்ந்தேன். அன்றிரவு அவர்கள் நான்கு பேரின் வீட்டு முகங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தூக்கம் வரவில்லை.

போடியில் எங்கள் வண்டியை இருபது வருடமாகப் பார்க்கிற மேஸ்திரி அண்ணன் டிரம்மைக் கழற்றினார். உள்சுவர் நீலம் பாரித்திருந்தது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசு பட்டையான லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது. விரலால் தடவிக் காட்டி, "தம்பி, இது பிடிக்காது. வழுக்கும்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வண்டியில் பிரேக்குக்கு என்ன குறை கண்டீர்கள் முன்பு?" குறை ஒன்றும் கண்டதில்லை, அப்பா இதே வண்டியில், இதே மூட்டைகளோடு, பத்து வருடம் இறங்கியிருக்கிறார் என்றேன். "அப்படியென்றால் மாறியது பிரேக் இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு நான் படித்தும் கேட்டும் கணக்குப் போட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எனக்கு இது யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போடிமெட்டுக்கும் போடிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஆளும் மூட்டையுமாக 1,800 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், 30 டிகிரியில் இருக்கும் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். நாலு குடம் தண்ணீர் தளதளவென்று கொதிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சூடும் எங்காவது போயாக வேண்டும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், டயர் உருள்வதில் கொஞ்சம் போகும், கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும் பங்கை ஏற்றுக்கொள்ளும். எஞ்சின் ஏற்காத மிச்சம் முழுக்க நான்கு டிரம்முக்குள் போகும். மூடிய சட்டி போன்ற டிரம்முக்குள் காற்றோட்டம் குறைவு, சூடு அவ்வளவு எளிதில் வெளியே வராது.

டயர் பெரிதாகும்போது கெடுவது முதலில் இந்தப் பங்கீடுதான். என் பழைய டயர் 6.00-16, ஏறத்தாழ 29 அங்குல விட்டம். புதியது 31. ஏழு சதவீதம் பெரிது. எஞ்சின் அதே சுற்றில் ஓடினாலும் வண்டி ஏழு சதவீதம் வேகமாகப் போகும். அதாவது எல்லாக் கியரும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. முன்பு இரண்டாம் கியர் தானாகப் பிடித்து வைத்திருந்த வேகத்தை இப்போது அதனால் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைத் தொட்டேன் என்றேனே, அது என் பழக்கக் கோளாறு இல்லை. எஞ்சின் விட்ட வேலையைக் காலால் செய்துகொண்டிருந்தேன். ஏழு சதவீதம் சிறிய எண்ணாகத் தெரியும். சரிவில், வண்டி தானாக நிற்பதற்கும் தானாக ஓடுவதற்கும் நடுவே இருக்கும் கோடு மிக மெல்லியது. அதைத் தாண்டிவிட்டால் தாண்டியதுதான்.

இரண்டாவது நெம்புகோல் கணக்கு. பிரேக் சக்கரத்தின் நடுவில் இருக்கிறது, சாலை சக்கரத்தின் விளிம்பில் இருக்கிறது. விளிம்பு தள்ளிப்போகப் போக, நடுவில் பிடிக்கிற அதே பிடி சாலையில் குறைவாகத்தான் வேலை செய்யும். திருகையின் கைப்பிடி நீளமாக இருந்தால் சுற்றுவது எளிது, நடுவில் பிடித்து நிறுத்துவது கடினம், அது போலத்தான். அதே மிதிக்கு ஏறத்தாழ ஆறரை சதவீதம் குறைந்த பிடி. நான் முதலில் சொன்ன 48 கிலோ மூன்றாவது. உண்மையைச் சொன்னால், நீண்ட இறக்கத்தில் அது பெரிய விஷயம் இல்லை. திடீரென்று மாடு குறுக்கே வந்து நிறுத்தும்போதுதான் அது வெளியே தெரியும். டயரின் எடை என்பதைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்குக் கியர்க் கணக்குதான் முக்கியம் என்பது என் முடிவு.

அப்புறம் பிரேக் ஆயில். அண்ணன் பழைய ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். கடுங்காப்பி நிறம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதன் இயல்பு அது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் அளவுக்கு நீர் கலந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் அதற்கான தரநிலை. டாட் 4 என்றால் முறையே 230, 155. வருடத்தில் பாதி மழையும் பனியுமாக இருக்கும் ஊரில் நான் அந்த ஆயிலை எப்போது மாற்றினேன் என்பதே நினைவில் இல்லை. ஆயில் கொதித்தால் ஆவி. ஆவியை அழுத்தினால் சுருங்கும், சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது, மிதி தரைக்குப் போகும். டிரம்மும் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகியிருக்கும், அதற்கும் மிதி கீழே போகும். இரண்டும் சேர்ந்துதான் அன்று நடந்தது என்பது அண்ணனின் கணிப்பு. ஆறிய பிறகு மிதி பழைய உயரத்துக்கு வந்ததை வைத்துச் சொன்னார்.

வேறொரு வகையும் உண்டு, தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. மிதி கல் போல இறுகி நிற்கும், ஆனால் வண்டி நிற்காது. அது லைனிங் கருகி வழுக்குவது. அப்போது விட்டு விட்டு மிதித்துப் பயனில்லை. கியரைக் குறைப்பது ஒன்றுதான் வழி, அதையும் வேகம் ஏறுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

சரி, என்ன செய்தோம்.

முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுவதென்று முடிவாயிற்று. அதே நிறுவனத்தின் பிந்தைய வண்டிகளில் வரும் டிஸ்க் என்ற வட்டத் தட்டையும், அதை இருபுறமும் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரையும் இந்தப் பழைய ஜீப்புகளுக்கு மாற்றிப் போடுவது மலைப் பக்கத்தில் புதிதல்ல. டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் சூடு உடனே காற்றில் போய்விடும். சூட்டில் அது விரிந்தாலும் பேடிலிருந்து விலகாது. கேலிப்பரை, முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளோடு இணைக்க ஒரு தாங்கி வேண்டும். ஒரு பட்டறையில் இரும்புத் தகட்டை வெட்டி வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள், விலையும் குறைவு. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. நெடுங்கண்டத்தில் ஒரு லேத் பட்டறைச் சேட்டன் முழுத் தகட்டிலிருந்து கடைந்து கொடுத்தார். வெல்டிங் ஒரு இடத்தில்கூட இல்லை. தலையில் 10.9 என்று எண் பொறித்த போல்ட்டுகள்தான் போட வேண்டும், சாதாரண போல்ட் வேண்டாம் என்று அவரே ஒரு பொட்டலத்தில் கட்டிக் கையில் கொடுத்தார். நம் வண்டி முழுவதும் சரிவில் தொங்குவது அந்த நாலு போல்ட்டில்தான் என்று மலையாளத்தில் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இங்கே ஒரு தவறு செய்தோம், அதைச் சொல்லாமல் போகக் கூடாது. மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். செலவைக் குறைக்கப் பழையதையே வைத்துக்கொண்டோம். தேனி வரை சமதளத்தில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி பாரமாக இழுத்தது. இறங்கித் தொட்டுப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டும் கொதிக்கின்றன. பிரேக்கை மிதிக்கவே இல்லை, ஆனாலும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. காரணம் இதுதான்: டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்க ஒரு சிறு வால்வு இருக்கும். டிரம்முக்குள் ஷூவைப் பின்னால் இழுக்க வலுவான ஸ்பிரிங் உண்டு, அதனால் அந்த மிச்ச அழுத்தம் அங்கே தொந்தரவு தராது. டிஸ்க்கில் இழுக்கும் ஸ்பிரிங் இல்லை. மிச்ச அழுத்தம் பேடை விடாமல் பிடித்துக்கொள்ளும். தவிர, கேலிப்பரின் பிஸ்டன் பெரிது, அதை நகர்த்தக் கூடுதல் ஆயில் வேண்டும், பழைய சிலிண்டரால் அவ்வளவு தள்ள முடியாது. டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் சேர்த்து வடிவமைத்த, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை உள்ள மாஸ்டர் சிலிண்டரை வாங்கிப் போட்ட பிறகுதான் சரியாயிற்று. ஒரு பக்கக் குழாய் உடைந்தாலும் மறுபக்கம் பிடிக்கும். முதலிலேயே வாங்கியிருந்தால் இரண்டு பேட் செலவு மிச்சம்.

டிஸ்க் போட்டால் பூஸ்டரும் வேண்டும். டிரம்மில் ஷூ சுழற்சியின் போக்கிலேயே இழுபட்டுத் தானாக இன்னும் இறுகும். காலின் வேலையில் ஒரு பங்கை அதுவே செய்துவிடும். டிஸ்க் அப்படி உதவாது, மிதித்த அளவுக்குத்தான் பிடிக்கும். பூஸ்டருக்கு வெற்றிடம் தேவை. பெட்ரோல் எஞ்சினில் அது உறிஞ்சும் குழாயிலேயே கிடைக்கும். நம் டீசல் எஞ்சினில் அப்படிக் கிடைக்காது, அதற்கென்று தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும். ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து சுழலும் வகை ஒன்றைத் தேடிப் பிடித்தோம். இதில் மலைக்காரர்கள் மனத்தில் பதிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும். பூஸ்டரில் சேமித்த வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன் பிறகு மிதி மரம் போல ஆகிவிடும். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குகிற வழக்கம் இந்தப் பாதையில் இன்னும் சிலரிடம் இருக்கிறது. என் தகப்பன் வயது ஆட்களிடமும் நான் கைகூப்பிச் சொல்லியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். எஞ்சின் பிடியையும் பூஸ்டரையும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிட்டு மிச்சம் பிடிக்கும் டீசல் ஒரு டீக்கடைச் செலவுக்கு வராது.

பின் சக்கரங்களில் டிரம்மையே வைத்துக்கொண்டோம். புது ஷூ, புது வீல் சிலிண்டர், லேத்தில் லேசாகக் கடைந்த டிரம். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருந்தது. வண்டியின் எடை மையம், உயர்த்தியதிலும் டயரிலும் சேர்ந்து ஏறத்தாழ 5 அங்குலம் மேலே போயிருந்தது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே உள்ள தூரமோ அதே 91 அங்குலம். உயரமான குட்டை வண்டி நிறுத்தும்போது மூக்கைக் குத்தும். எடை முன்னால் பாயும், பின் சக்கரம் லேசாகும், லேசான சக்கரத்தை டிரம் பிடித்தால் அது உருளாமல் இழுபடும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டியின் வால் முன்னுக்கு வரப் பார்க்கும். இறக்கத்தில், ஈரத்தில், வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. பின் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் சரிசெய் வால்வு ஒன்றைப் பொருத்தி, ராசிங்காபுரம் சாலையில் ஆளில்லாத விடியற்காலையில் நாலு நாள் ஓட்டினோம். வேகம் 40, முழு மிதி, அண்ணன் வெளியே நின்று எந்தச் சக்கரம் முதலில் இழுக்கிறது என்று பார்ப்பார். முன் சக்கரம் ஒரு கண நேரம் முந்திப் பூட்டும் வரை வால்வைத் திருகினோம். வெறும் வண்டிக்கு ஒரு நிலை, மூட்டை ஏற்றினால் வேறு நிலை. வெறும் வண்டியின் நிலையிலேயே விட்டுவிட்டேன். சில வண்டிகளில் பின் அச்சின் தாழ்வைப் பார்த்து எடையை அறியும் வால்வு கம்பெனியிலேயே வரும். அப்படிப்பட்ட வண்டியை உயர்த்தினால் அந்த வால்வு, வண்டி காலியாக இருக்கிறது என்றே எப்போதும் நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உயர்த்துகிறவர்கள் அதன் கம்பியையும் பார்த்துத் திருத்த வேண்டும்.

ரப்பர் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே போகும் பிரேக் ஹோஸ் பழைய உயரத்துக்கு அளந்து செய்தது. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தபோது என் முன் ஹோஸ் வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. இரண்டு வருடம் அப்படியே கல்லிலும் குழியிலும் ஓட்டியிருக்கிறேன். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. நீளமான புது ஹோஸ் போட்டோம். இணைப்பு வைத்து நீட்டுவது என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. வண்டியை உயர்த்திய யாராக இருந்தாலும் வேறெதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒரு சோதனையை இன்றே செய்யுங்கள். ஜாக்கி இருந்தால் போதும், காசு செலவில்லை.

டாட் 4 ஆயில் ஊற்றிக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தோம். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று தூரத்துச் சக்கரத்திலிருந்து கிட்டத்துக்கு. புதுப் பேடை உடனே மலையில் ஏற்றவில்லை. 50 வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைத்து, முழுக்க நிறுத்தாமல், மறுபடி வேகமெடுத்து, இருபது தடவை. பிறகு ஆறவிட்டோம். பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். லேத், உதிரி, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 38,000 ரூபாய் ஆயிற்று. டயருக்கும் ரிம்முக்கும் கொடுத்ததைவிடக் குறைவு.

இத்தனையும் செய்து முடித்துப் போடிமெட்டுக்குப் போனேன், தனியாக, மூட்டை இல்லாமல். இறங்கினேன். பிரேக் பிரமாதமாகப் பிடித்தது, வாடை இல்லை, மிதி அசையவில்லை. ஆனால் ஒன்று மாறவில்லை. இரண்டாம் கியர் வண்டியைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கால் பிரேக்குக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. புலியூத்து அருவிப் பக்கம் ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சூட்டைத் தாங்குகிற பிரேக்கை வாங்கிப் போட்டிருக்கிறேன், சூட்டை உண்டாக்குகிற காரணத்தை அப்படியே வைத்திருக்கிறேன் என்று அங்கேதான் புரிந்தது.

அடுத்த வாரம் 31 அங்குல டயர்களைக் கழற்றினேன். 235/75 ஆர் 15 மாட்டினேன். விட்டம் 28.9 அங்குலம், கம்பெனி கொடுத்த பழைய டயரின் உயரம்தான், அகலம் மட்டும் கூடுதல். அகல ரிம்மையும் மாற்றினேன். நீள ஷேக்கிளை எடுத்துவிட்டுக் கூடுதல் பட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன், உயர்வு 4 அங்குலத்திலிருந்து 2 ஆயிற்று. வால்வை மறுபடி சரிசெய்தோம். இளைஞர்கள் வருத்தப்பட்டார்கள். வண்டியின் கம்பீரம் போய்விட்டது என்றார் ஒரு தம்பி. தோட்டப் பாதையின் மோசமான மூன்று இடங்களில் கல் அடுக்கி மண் கொட்டினேன். அதற்கு ஐந்து ஆள் கூலி, இரண்டு நாள். 2019இலேயே அதைச் செய்திருக்கலாம்.

சட்டமும் இதில் இருக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நான் போனபோது ஆய்வாளரிடம் பிரேக் மாற்றத்தை மறைக்காமல் காட்டினேன். அவர் கீழே குனிந்து ஹோஸ், தாங்கி, போல்ட் எல்லாம் பார்த்து, தானே ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டார். பெரிய டயரோடு போயிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. டயரைக் குறைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய டயர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கல்லிலேயே ஓடும் அந்தப் பாதையில் ஓட்டுநர்கள் வண்டியை ஏற்றி இறக்கும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். தாழ் கியர்ப் பெட்டியைப் போட்டு முதல் கியரில், காலைப் பிரேக்கில் வைக்காமல், வண்டியை எஞ்சினின் பிடியிலேயே ஒரு குழந்தையைக் கைபிடித்து இறக்குவது போல இறக்குவார்கள். அவர்களில் ஒருவரிடம் கேட்டேன், எப்படி அண்ணே இவ்வளவு பொறுமை என்று. "ஏறின கியரில் இறங்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள் எனக்கு. ஏறினதைவிட ஒன்று குறைத்து இறங்குகிறேன் நான்" என்றார்.

வருடா வருடம் ஆனி மழை தொடங்குவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுகிறேன். தேதியைப் பானெட்டுக்கு உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவைக்கிறேன். அன்று தண்ணீர் ஊற்றப் போன அக்கா அதற்குப் பிறகு ஆறு மாதம் எங்கள் ஜீப்பில் ஏறவில்லை, பஸ்ஸில் வந்தார். பஸ் கட்டணத்தை நான் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஏறுகிறார், முன் இருக்கையில்தான் உட்காருவார். இரண்டாம் கியர் போடும் சத்தம் கேட்கும் வரை வெற்றிலையை வாயில் போட மாட்டார்.

நேற்று மாலை முந்தலில் டீ குடிக்க நிறுத்தினோம். வழக்கம் போல நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து புறங்கையை அருகில் வைத்துப் பார்த்தேன். முன் இரண்டும் இதமான சூடு. பின் வலது கிட்டத்தட்ட ஆறியிருந்தது. பின் இடது மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தது, ஷூ கொஞ்சம் இறுக்கமாக நிற்கிறது என்று நினைக்கிறேன். அக்கா இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தம்பி?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். "சனிக்கிழமையே பார்" என்றார். சனிக்கிழமை காலை அண்ணனிடம் விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.